ஈயம் பதித்த ஜிப்சம் சுவர்: கசிவு எங்கே தொடங்குகிறது

எக்ஸ்ரே அறைக்கு ஈயம் பதித்த ஜிப்சம் போர்டு அடிக்கும்போது எல்லோரும் பேசுவது தகட்டின் தடிமனைப் பற்றித்தான். 1.6 மி.மீ. போதுமா, 2 மி.மீ. வேண்டுமா என்று கூட்டம் போட்டு முடிவெடுக்கிறார்கள். வேலை முடிந்து கதிர்வீச்சு மீட்டர் பிடித்துப் பார்த்தால், தகட்டின் நடுவில் அளவு எகிறுவது அபூர்வம். இரண்டு போர்டு சேரும் கோடு, சுவிட்ச் பாக்ஸின் முதுகு, கதவு நிலையின் ஓரம், தரையை ஒட்டிய இடுக்கு. கசிவு இருந்தால் இவற்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். ஈயம் எங்கும் அறுபடாமல் தொடர்ந்து போகிறதா என்பதுதான் இந்த வேலையின் உயிர். அதைக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தடிமன் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அதைக் கணக்குப் போட வேண்டியவர் மருத்துவ இயற்பியலாளர். போர்டு விற்பவரோ அடிப்பவரோ ஊகித்துச் சொல்லும் எண்ணை வைத்துச் சுவர் எழுப்பக் கூடாது. வாரத்துக்கு எவ்வளவு படம் எடுக்கிறார்கள், எந்தச் சுவரை நோக்கி நேரடிக் கதிர் போகிறது, சுவருக்கு அப்பால் இருப்பது நடைபாதையா, நாள் முழுக்க ஆள் உட்காரும் அறையா, தூரம் எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அமெரிக்காவின் தேசியக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு மன்றம் (என்சிஆர்பி) 2004இல் வெளியிட்ட 147ஆம் அறிக்கை, கதிர்வீச்சுப் பணியாளர்கள் இருக்கும் பகுதிக்கு வாரத்துக்கு 0.1 மில்லிகிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) என்றும், மற்றவர்கள் இருக்கும் பகுதிக்கு 0.02 மில்லிகிரே என்றும் வடிவமைப்பு இலக்கு வைக்கிறது. எக்ஸ்ரேயைப் பாதியாகக் குறைக்க 100 கிலோவோல்ட்டில் சுமார் 0.27 மி.மீ. ஈயமும், 150 கிலோவோல்ட்டில் சுமார் 0.30 மி.மீ. ஈயமும் வேண்டும். 1.6 மி.மீ. தகடு 100 கிலோவோல்ட் கதிரை ஏறக்குறைய ஆறு முறை பாதியாக்கிவிடும். உண்மையில் குறைவது இதைவிட அதிகம், ஏனென்றால் கதிரின் ஆற்றல் குறைந்த, மென்மையான பகுதி முதல் சில பத்தில் ஒரு மில்லிமீட்டரிலேயே அடங்கிவிடுகிறது. இதே போர்டை பெட் ஸ்கேன் அறைக்குப் போட்டால் பயன் மிகக் குறைவு. அங்கே வரும் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிரைப் பாதியாக்கவே 4 மி.மீ.க்கு மேல் ஈயம் வேண்டும். 1.6 மி.மீ.யில் கால் பங்கு குறைந்தாலே அதிகம். கதிரியக்க மருந்து ஏற்றிய நோயாளி காத்திருக்கும் அறைக்கு "நம்மிடம் மிச்சம் இருக்கும் போர்டையே அடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள்.

இனி எடை. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். எனவே 1 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 11.34 கிலோ, 1.6 மி.மீ. தகடு சுமார் 18 கிலோ. 1.2 × 2.4 மீட்டர் போர்டு ஒன்றில் ஈயம் மட்டுமே 52 கிலோ வரும். ஜிப்சத்தையும் சேர்த்தால் 80 கிலோவைத் தொடும். 2 மி.மீ. ஈயம் என்றால் 90 கிலோவைத் தாண்டும். இருவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஸ்க்ரூ அடிக்கும் பழக்கமெல்லாம் இங்கே செல்லாது. போர்டு தூக்கும் லிஃப்ட்டும், பிடிக்க மூன்று நான்கு பேரும் வேண்டும்.

4 × 5 மீட்டர் அறையையே எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 18 மீட்டர். 1.2 மீட்டர் கதவைக் கழித்தால் 16.8. அதற்குக் கணக்குப்படி 14 போர்டு. மூலை, வெட்டு, சேதம் எல்லாம் சேர்த்து 16 வாங்க வேண்டியிருக்கும். சுவரில் ஏறும் ஈயம் மட்டும் 730 கிலோ அளவில் வரும். போர்டுகள் சேரும் ஜாயிண்ட்டுகளை மூடும் ஈயப் பட்டையும் இதற்குமேல் வேண்டும். செங்குத்து ஜாயிண்ட், மூலை, கதவோரம் என்று இருபது கோடுகள் வரும் என்று வைத்தால் 50 மி.மீ. அகலத்தில் 48 மீட்டர் பட்டை, அது இன்னொரு 44 கிலோ. போர்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் பட்டையை மறந்துபோவது அடிக்கடி நடக்கிறது. அப்போது ஆட்கள் கையில் கிடைக்கும் மெல்லிய தகட்டைக் கிழித்து ஒட்டிவிடுகிறார்கள். பட்டையின் தடிமன் போர்டில் இருக்கும் ஈயத்தின் தடிமனுக்குக் குறையவே கூடாது.

போர்டு வந்ததும் மட்டமான பலகைகள் மேல் படுக்க வைத்து அடுக்குங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தினால், தன் எடையாலேயே தொய்யும் ஈயம் ஜிப்சத்திலிருந்து ஓரங்களில் பிரியத் தொடங்கும். ஈயத்தைத் தனித் தகடாகத் தொங்கவிடாமல் ஜிப்சத்தில் ஒட்டி விற்பதன் காரணமும் இந்தத் தொய்வுதான். மூலையைத் தரையில் இழுத்தால் ஜிப்சம் நொறுங்கி ஈயம் மடங்கும். மடங்கிய ஈயம் ஜாயிண்ட்டில் தட்டையாக உட்காராது.

ஸ்டட், அதாவது போர்டைத் தாங்கிச் செங்குத்தாக நிற்கும் தகட்டுச் சட்டம். அந்த விஷயத்தில் சாதாரணத் தடுப்புச் சுவருக்குப் போடும் 0.5 மி.மீ. தகட்டு ஸ்டட்டை மறந்துவிடுங்கள். 0.8 மி.மீ. அல்லது அதற்கு மேல், 400 மி.மீ. இடைவெளியில் வேண்டும். ஜாயிண்ட் வரும் இடங்களில் 50 மி.மீ. அகல முகம் கொண்ட ஸ்டட் போடுங்கள், கிடைக்காவிட்டால் இரண்டு ஸ்டட்டைச் சேர்த்து நிறுத்துங்கள். ஒடுக்கமான ஸ்டட்டில் இரண்டு போர்டு ஓரத்தையும் 50 மி.மீ. பட்டையையும் திணித்தால், பட்டையின் விளிம்புகள் காற்றில் தொங்கும், ஸ்க்ரூ போர்டின் ஓரத்தைப் பிளக்கும். கதவு வரும் இடத்துக்குப் பெட்டி வடிவ எஃகுத் தூண் தரையிலிருந்து மேல் தளம்வரை போக வேண்டும்.

ஈயத்தின் உயரம் வழக்கமாக முடிந்த தரையிலிருந்து 2.1 மீட்டர். "முடிந்த தரை" என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெறும் கான்கிரீட்டிலிருந்து 2.1 மீட்டர் அளந்து ஈயத்தை நிறுத்திவிட்டு, பிறகு 50 மி.மீ. தரைப் பூச்சும் டைலும் போட்டால் பாதுகாப்பு 2.05க்குக் கீழே இறங்கிவிடும். சுவருக்கு அப்பால் சாய்தளமோ உயர்ந்த தரையோ இருந்தால், அங்கே நிற்பவரின் தலை எந்த மட்டத்தில் வருகிறது என்று பாருங்கள். 2.4 மீட்டர் போர்டை 2.1க்கு வெட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மிச்சமாவது கொஞ்சம் ஈயக் கழிவு, கூடுவதோ வெட்டும் வேலையும் தூசியும். முழுசாக அப்படியே நிறுத்துங்கள். சிடி ஸ்கேன் அறையில் சிதறல் கதிர் கூரையில் பட்டு அடுத்த அறைக்கு இறங்கும் அளவு பெரியது. ஆகவே அங்கே மேல் தளம்வரை ஈயம் வேண்டுமா என்று இயற்பியலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஜாயிண்ட். போர்டு ஏறுவதற்கு முன்பே ஸ்டட்டின் முகத்தில் 50 மி.மீ. ஈயப் பட்டையைப் பசையால் ஒட்ட வேண்டும். ஜாயிண்ட் கோடு பட்டையின் நடுவில் விழ வேண்டும், இருபுறமும் 25 மி.மீ. போகும்படி. ஈயத்தின் மேல் ஈயம் குறைந்தது 1 செ.மீ. ஏறியிருக்க வேண்டும் என்பது பழைய விதி. 25 மி.மீ. வைத்தால், போர்டு சற்று நகர்ந்தாலும் அந்த 1 செ.மீ. காப்பாற்றப்படும். போர்டின் ஈயப் பக்கம் ஸ்டட்டை நோக்கி, நீளவாட்டில் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் போர்டின் ஈயமும் பட்டையின் ஈயமும் நேராக உரசி உட்காரும். ஈயப் பக்கத்தைத் திருப்பி அறைக்குள் பார்க்க வைத்தால் இரண்டுக்கும் நடுவே முழு ஜிப்சத் தடிமனும் வந்துவிடும், பட்டை இருந்தும் இல்லாத கதைதான். படுக்கைவாட்டில் போர்டு அடித்தாலோ, கிடைமட்ட ஜாயிண்ட்டின் பின்னால் ஸ்டட் இருக்காது, பட்டை ஒட்ட இடமும் இருக்காது.

பட்டை ஒட்டிய ஸ்டட் மற்ற ஸ்டட்டுகளைவிட 1.6 மி.மீ. முன்னால் துருத்தி நிற்கும். நடு ஸ்டட்டில் ஸ்க்ரூவை இறுக்கும்போது போர்டு உள்ளே இழுபட்டு, ஓரங்கள் தூக்கி, நடுவில் குழியும். பெயிண்ட் அடித்தபின் பக்கவாட்டு வெளிச்சத்தில் சுவர் அலை அலையாகத் தெரிவது இதனால்தான். அதைவிட மோசமாக, இழுபட்ட போர்டின் ஓரம் பட்டையிலிருந்து விலகியும் நிற்கலாம். நடு ஸ்டட்டுகளிலும் அதே தடிமனில் பேக்கிங் ஒட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஈயப் பட்டையே வேண்டும் என்பதில்லை, கெட்டி அட்டைப் பட்டை போதும். மேலே சாதாரண ஜிப்சம் தொடர்ந்தால் அங்கேயும் ஈயத் தடிமனுக்குப் பேக்கிங் கொடுங்கள், இல்லாவிட்டால் 2.4 மீட்டரில் ஒரு படி தெரியும்.

மூலைகள் ஏமாற்றும். உள்மூலையில் ஒரு போர்டு மூலைவரை போகிறது, அடுத்தது அதன் முகத்தில் வந்து முட்டுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கச்சிதமாக மூடியிருக்கும். ஆனால் இரண்டாவது போர்டின் ஈயம் முதல் போர்டின் ஜிப்சத்தில் முட்டி நிற்கிறதே ஒழிய, அதன் ஈயத்தைத் தொடுவதில்லை. நடுவில் 12.5 மி.மீ. ஜிப்சம், தரையிலிருந்து மேல்வரை ஒரு திறந்த கோடு. மூலை ஸ்டட்டுகளில் இருபுறமும் 50 மி.மீ. வரும்படி எல் வடிவில் மடித்த ஈயத்தை முன்கூட்டியே ஒட்டினால்தான் அது அடைபடும். போர்டு ஏறியபின் இதைச் சரிசெய்ய வழியே இல்லை, கழற்றத்தான் வேண்டும்.

வெட்டுவதற்குக் கையால் இயங்கும் கருவிகள் மட்டும். ஈயப் பக்கத்தை மேலே வைத்து, நேரான அலுமினியப் பட்டையை அழுத்திப் பிடித்து, கட்டர் கத்தியால் ஒரே கோட்டில் பலமுறை கீறி ஈயத்தை அறுக்க வேண்டும். பிறகு திருப்பி, முகத் தாளைக் கீறி மடக்கினால் ஜிப்சம் கோட்டோடு ஒடியும். ஒட்டிக்கொண்டிருக்கும் ஈயத்தை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் மடக்கினால் அறுந்துவிடும். ஓரத்தில் நிற்கும் பிசிறை ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டையாக்குங்கள். கிரைண்டர், வட்ட ரம்பம், ஜிக்சா எதுவும் ஈயத்தின் பக்கம் வரக் கூடாது. நுண்தூசி காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். ஈயம் ரத்தத்திலிருந்து எலும்புக்குப் போய்ப் பல ஆண்டுகள் தங்கும்.

அதனால்தான் கையுறை, பி100 வடிகட்டி முகமூடி, ஹெப்பா ஃபில்டர் வேக்குவம், ஈரத்துணி இவையெல்லாம் முதல் போர்டு வெட்டுவதற்கு முன்பே அறையில் இருக்க வேண்டும் என்கிறேன். துடைப்பத்தால் கூட்டினால் தூசி எழும்பும். அந்த அறைக்குள் டீயோ வெற்றிலையோ பீடியோ வேண்டாம், கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடவும் வேண்டாம். போட்டிருந்த உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குவதுதான் இதில் மிகக் கொடுமையானது. வேலைக்கான உடையை அங்கேயே கழற்றி வைக்க ஓர் இடம் ஒதுக்குவது கான்ட்ராக்டரின் பொறுப்பு. துண்டு ஈயத்தைத் தனி டப்பாவில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுங்கள், கட்டடக் குப்பையோடு கலக்காதீர்கள்.

ஸ்க்ரூவைப் பற்றித்தான் அதிகம் பயப்படுகிறார்கள். ஈயத்தில் ஓட்டை போடுகிறோமே என்பது நியாயமான கேள்வி. ஆனால் நேராக இறங்கி அப்படியே நிற்கும் ஸ்க்ரூவின் நீளம் முழுவதும் எஃகு. அது ஓட்டையைத் தானே நிரப்பிவிடுகிறது. என்சிஆர்பி அறிக்கையும் அதற்குத் தனியாக ஈயம் வைக்க வேண்டியதில்லை என்றே சொல்கிறது. வரைபடத்தில் ஸ்க்ரூத் தலைக்கு ஈய வில்லை கேட்டிருந்தால் மறுபேச்சு இல்லாமல் வையுங்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்டட்டைத் தவறவிட்டு உள்ளே போன ஸ்க்ரூவைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் இன்னொன்று அடித்து, பழைய ஓட்டையைக் கம்பவுண்டால் (ஜாயிண்ட்டுக்குப் பூசும் கலவையால்) பூசிவிடுகிறார்கள். அது ஈயத்தில் திறந்த துளை. அந்த இடத்தில் ஜிப்சத்தைச் சுரண்டி, துளையைவிடப் பெரிய ஈய வில்லையை ஈயத்தின் மேல் படும்படி பசை வைத்து அழுத்தி, அதன்பின் பூச வேண்டும். ஸ்க்ரூ நீளம் ஜிப்சம், போர்டின் ஈயம், பட்டை எல்லாவற்றையும் கடந்து ஸ்டட்டுக்குள் 10 மி.மீ. இறங்கும்படி இருக்கட்டும். 12.5 அல்லது 15 மி.மீ. போர்டுக்கு 35 முதல் 40 மி.மீ. சரியாக வரும். ஓரங்களில் 200 மி.மீ.க்கு ஒன்று, நடுவில் 300 மி.மீ.க்கு ஒன்று.

சுவிட்ச் பாக்ஸ்தான் இந்த வேலையின் பெரிய தலைவலி. இதில் என் கருத்து உறுதியானது: இடம் இருந்தால், ஈயச் சுவருக்கு முன்னால் 40 மி.மீ. சட்டம் அடித்துச் சாதாரண ஜிப்சத்தால் இன்னொரு தோல் எழுப்பிவிடுங்கள். வயர், பாக்ஸ், ஆக்சிஜன் குழாய் எல்லாம் அந்த இடைவெளியில் ஓடட்டும், ஈயத்தை யாரும் தொட வேண்டாம். அறையில் ஒவ்வொரு பக்கமும் 50, 60 மி.மீ. போகும். அதற்கு ஈடாக, பத்து வருடம் கழித்து ஒரு பிளக் பாயிண்ட் கூட்டினாலும் பாதுகாப்பு குலையாது.

அது முடியாதபோது, பாக்ஸுக்காக வெட்டிய ஓட்டைக்குப் பின்னால் அதே தடிமன் ஈயத்தில் மூடியில்லாத பெட்டி போல ஐந்து பக்கமும் மடித்துச் செய்து, அதன் விளிம்புகளை வெளிப்புறம் மடக்கி, சுவரின் ஈயத்தின் மேல் சுற்றிலும் 25 மி.மீ. படும்படி வைக்க வேண்டும். பாக்ஸின் முதுகில் மட்டும் ஒரு சதுரத் தகட்டை ஒட்டிவிட்டு முடித்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. நேராக வரும் கதிரை அது தடுக்கும். சாய்வாக வரும் கதிர் பாக்ஸின் பக்கவாட்டு வழியே வெளியே போய்விடும். அறைக்குள் சிதறும் கதிர் எல்லாக் கோணத்திலும் வரும் என்பதை நினைவில் வையுங்கள். கண்ட்யூட் நுழையும் இடத்தில் குழாயைச் சுற்றி ஈயச் சட்டை போட்டு, அதைப் பெட்டியின் ஈயத்தோடு ஒட்டவையுங்கள். ஈயம் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் பாக்ஸின் எர்த்திங்கை எலக்ட்ரீஷியன் சோதித்த பிறகே போர்டை மூட வேண்டும். இரண்டு அறைகளின் பாக்ஸுகளை ஒரே இடத்தில் முதுகுக்கு முதுகு வைப்பதை வரைபடத்திலேயே அடித்துவிடுங்கள். ஏசி டக்ட் 2.1 மீட்டருக்கு மேல் சுவரைக் கடந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. கீழே கடந்தால் ஈயம் சுற்றிய வளைவு வேண்டும்.

தரையோரம். ஈரம் ஏறாமலிருக்க ஜிப்சத்தைத் தரையிலிருந்து 10 மி.மீ. தூக்கித்தான் நிறுத்துவோம். அந்த 10 மி.மீ. அறை முழுக்கச் சுற்றி ஓடும் திறந்த கோடாகிவிடும். ஸ்டட்டுகளின் அடியைப் பிடிக்கும் தரை சேனலின் முகத்தில் 75 மி.மீ. ஈயப் பட்டையை, அடிவிளிம்பு கான்கிரீட்டைத் தொடும்படி ஒட்டி, அதன்மேல் போர்டின் ஈயம் ஏறும்படி செய்யுங்கள். ஈரம் காயாத சிமெண்ட் ஈயத்தை அரிக்கும், ஆகவே தொடும் இடத்தில் பிட்டுமன் பூச்சு கட்டாயம்.

கதவும் கண்ணாடியும் தயாராகவே வரும், அவற்றில் பார்க்க வேண்டியது ஒட்டும் இடம்தான். நிலைக்குள் மடித்த ஈயம் சுவரின் ஈயத்தின் மேல் ஏறுகிறதா, பூட்டுக்கு வெட்டிய பொந்துக்குப் பின்னால் ஈயம் இருக்கிறதா, ஈயக் கண்ணாடி சட்டத்தின் ஈயத்துக்குள் 10 மி.மீ. புதைகிறதா என்று பாருங்கள். 1.2 × 2.1 மீட்டர் கதவில் ஈயம் மட்டும் 45 கிலோ. கீல் பலவீனமாக இருந்தால் பூட்டுப் பக்கம் தொங்கி, மேல் மூலையில் சந்து விழும்.

டேப்பும் கம்பவுண்டும் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பட்டையும், ஒவ்வொரு பாக்ஸ் முதுகும், அளவு நாடாவோடு சேர்த்து. மெஷின் வந்ததும் நோயாளிக்குப் பதில் தண்ணீர் பாத்திரத்தைக் கதிரில் வைத்து, பயன்பாட்டில் வரும் அதிகபட்ச கிலோவோல்ட்டில் ஓட்டி, சுவருக்கு வெளியே 30 செ.மீ. தூரத்தில் மீட்டரை மெதுவாக நகர்த்திச் சோதிப்பார்கள். அளவு கூடும் இடம் கோடாக நீண்டால் அது ஜாயிண்ட் அல்லது மூலை. ஒரே புள்ளியில் கூடினால் பிடுங்கிய ஸ்க்ரூ அல்லது பாக்ஸ். படங்கள் கையில் இருந்தால் எந்த இடத்தைத் திறக்க வேண்டும் என்று உடனே தெரியும், இல்லாவிட்டால் சுவரையே உரிக்க வேண்டியிருக்கும்.

கதவுக்கு அருகில் ஒரு சிறு பலகை மாட்டுங்கள். எத்தனை மி.மீ. ஈயம், எந்த உயரம்வரை, எந்தத் தேதியில் போட்டது, யாரைக் கேட்காமல் துளை போடக் கூடாது என்று அதில் இருக்கட்டும். அறை ஓடத் தொடங்கியபின் வரும் கசிவுகளுக்கு மானிட்டர் ஸ்டாண்டும், கைப்பிடிக் கம்பியும், யாரோ பிடுங்கிவிட்டுப்போன ஆங்கரும்தான் காரணம். எதையாவது மாட்டியே ஆக வேண்டுமென்றால் ஸ்டட் இருக்கும் இடத்தில் ஸ்க்ரூவாக அடித்து அப்படியே விட்டுவிடுங்கள். கழற்றினால் துளையை ஈய வில்லையால் அடைத்து, மறுபடி மீட்டர் வைத்துப் பார்த்த அளவையும் தேதியையும் அறையின் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.